நாற்பத்தொன்பதாவது மீசைமுடி

எங்கள் ஊர்த் தலையாரி பிச்சைமணி தம் வாழ்நாளில் ஒரே ஒரு புலியைத்தான் தொட்டிருக்கிறார். அதுவும் செத்த புலி. ஆனால் அது அவரைப் படுத்திய பாட்டை உயிருள்ள புலிகூட ஒரு மனிதரைப் படுத்தியிருக்காது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், அருவிச் சத்தம் கேட்டும் கேட்காமலும் இருக்கிற தூரத்தில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் ஊருக்குச் சர்க்கார் என்றால் முன்சீப் காந்திமதிநாதன். முன்சீப்புக்குக் கையும் காலும் தலையாரி பிச்சைமணி. தண்டோரா போடுவது, பயிரில் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பது, தாசில்தார் வந்தால் முன்னால் ஓடுவது, அவர் போனதும் பெருமூச்சு விடுவது எல்லாம் இவர் வேலை. எட்டு முழச் சிவப்புத் தலைப்பாகையும், மார்பில் குறுக்கே போட்ட தோல்வாரில் ஒரு பித்தளை வில்லையும் அவருடைய அடையாளம். அந்த வில்லை அவர் அப்பா போட்டது. அதற்கு முன் அப்பாவின் அப்பா போட்டது. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு அதைத் துலக்குவது அவர் மனைவி சங்கரம்மாள். மின்னுவது இவர்.

மனிதர் தங்கமானவர். குறை என்று சொன்னால் இரண்டு. ஒன்று, கண் சரியாகத் தெரியாது. எதிரே வருகிறவரை நடையை வைத்தும் இருமலை வைத்தும்தான் கண்டுபிடிப்பார். கண்ணாடி போடச் சொன்னால், "கண்ணாடி போட்ட தலையாரியை எவன்வே மதிப்பான்?" என்பார். இரண்டாவது, எண்ணிக்கையில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. ஓடுகிற ஆட்டு மந்தையை நின்ற இடத்திலிருந்து எண்ணிச் சொல்வார். அவர் சொன்ன எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. யாரும் திரும்ப எண்ணிப் பார்த்ததும் இல்லை.

தலைப்பாகை விஷயத்திலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வருஷத்தில் இரண்டே தடவைதான் அதைத் துவைக்கக் கொடுப்பார். பொங்கலுக்கு ஒன்று, ஆடி அமாவாசைக்கு ஒன்று. அடிக்கடி துவைத்தால் சாயம் போய்விடும், சாயம் போனால் அதிகாரமும் போய்விடும் என்று நினைத்தார். சங்கரம்மாளின் மூக்குக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் மூக்கைக் கேட்டு யார் கொள்கை வகுக்கிறார்கள்?

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள்போல எழுதுகிறேனே தவிர, 1934-ம் வருஷம் ஆடி மாதத்தில் நான் எங்கம்மா செண்பகவல்லியின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தேன். எங்கள் வீடு பிச்சைமணி வீட்டுக்கு அடுத்த வீடு. அம்மா சொன்னதும், பிச்சைமணி போன பிறகு சங்கரம்மாள் மனம்விட்டுச் சொன்னதும் சேர்ந்ததுதான் இந்தக் கதை. எனக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அது எப்படி என்று போகப் போகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் காட்டுப்பூனைக்குக் கொஞ்சம் கூடுதலாக எது கண்ணில் பட்டாலும் புலி என்றுதான் சொல்வார்கள். மலையடிவாரத்தில் மாடு மேய்க்கிறவர்கள் பார்த்த புலிகளில் பாதி நாய். இது அப்படியில்லை, அசல் வரிப்புலி. ஐந்து மாதத்தில் ஒன்பது மாட்டைத் தின்றிருந்தது. குற்றாலத்தில் சீசனுக்குப் பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஒரு மதுரை வக்கீல் முறைப்படி அனுமதி வாங்கி, பரண் கட்டி, மூன்று நாள் உட்கார்ந்து அதைச் சுட்டுவிட்டார். சுட்ட பிறகு அரை நாள் பரணை விட்டு இறங்கவில்லை என்றும் சொல்வார்கள். ஆடி பிறந்து மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் புலியை மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஊர்ச் சாவடி முன்னால் இறக்கினார்கள்.

ஊரே கூடிவிட்டது. புலிநகம் வேண்டும் என்று பிள்ளை பெற்றவர்கள் நின்றார்கள். புலிக்கொழுப்பு வேண்டும் என்று மூட்டுவலிக்காரர்கள் நின்றார்கள். ஒன்றும் வேண்டாதவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். முன்சீப் காந்திமதிநாதனுக்கோ இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் பார்த்தது புலியின் மீசையை மட்டும்தான்.

புலிமீசையைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சோற்றில் கலந்து போட்டால், தின்றவர் உடனே சாகமாட்டார். மாதக்கணக்கில் இளைத்து இளைத்துச் சாவார், எந்த வைத்தியராலும் காரணம் சொல்ல முடியாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. பின்னாளில் தென்காசியில் ஒரு டாக்டரிடம் இதைக் கேட்டேன். "சோத்துல தலைமுடி கெடந்தா என்ன ஆகும்? அதுதான் ஆகும்" என்று சிரித்தார். 1934-ல் எங்கள் ஊரில் அப்படிச் சிரிக்க ஆள் இல்லை. அதனால் புலி எங்கே விழுந்தாலும் முதல் காரியம், நாலு பேர் முன்னால் தலையாரி அதன் மீசையைப் பொசுக்குவது. தோலும் நகமும் அதற்கு அப்புறம்தான்.

பிச்சைமணி பந்தத்தோடு வந்தார். வக்கீல் குறுக்கே பாய்ந்தார்.

"என்னய்யா செய்யப் போற? போட்டோ எடுக்க ஆள் வந்துகிட்டு இருக்கு. மீசை இல்லாத புலியோட நின்னா பூனையைச் சுட்டேன்னு சொல்வாங்க. போட்டோ முடியட்டும், அப்புறம் என்ன வேணா செய்."

தென்காசியிலிருந்து போட்டோக்காரர் ஏசுதாசன் பத்து மணிக்கு மூன்று கால் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வெயில்தான் வரவில்லை. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. வெயில் முகம் காட்டாமல் படம் விழாது என்று ஏசுதாசன் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு சாவடித் தூணில் சாய்ந்துவிட்டார். முன்சீப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பிச்சைமணி, போட்டோ எடுத்து முடியற வரைக்கும் நீதான் காவல். மீசையை எண்ணிச் சொல்லு. எண்ணுன கணக்குப்படி பொசுக்கணும்."

இதைவிடப் பெருமை ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? பிச்சைமணி தம் மூக்கு புலியின் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு முடியாகத் தொட்டு எண்ணினார். பிறகு நிமிர்ந்து, தண்டோரா போடுகிற குரலில் சொன்னார்: "வலப்பக்கம் இருபத்தஞ்சு. எடப்பக்கம் இருபத்துநாலு. ஆக நாப்பத்தொம்பது!"

ஆறு மணி நேரம் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. சாரலோடு ஈயும் வந்து புலியின் முகத்தில் அப்பியது. போட்டோவில் ஈ விழுந்துவிடக்கூடாதே என்று தம் தலைப்பாகையை அவிழ்த்து, புலியின் முகத்துக்கு நேரே வீசி வீசி ஈ ஓட்டினார். வெறுந்தலையோடு அவரை ஊர் பார்த்தது அன்றுதான்.

நாலு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. வக்கீல் புலியின் மேல் ஒரு காலை வைத்தார். முன்சீப் பின்னால் நின்றார். பிச்சைமணி அவசரமாகத் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு, வில்லை தெரிகிற மாதிரி ஓரமாக நின்றார். ஏசுதாசன் துணிக்குள் தலையை விட்டு, "அசையாதீங்க" என்றார். புலி ஒன்றுதான் சொன்ன சொல் கேட்டது.

படம் எடுத்து முடிந்ததும் காலில் முள் எடுக்கிற முள்வாங்கியால் முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நெருப்பில் போட்டார்கள். போடப் போட ஊரே சத்தமாக எண்ணியது. நாற்பத்தெட்டு என்று எண்ணியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் புலியின் முகத்தில் முடி இல்லை.

கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு புருஷனும் மெல்லத் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். ஒவ்வொரு மாமியாரும் மருமகளைப் பார்த்தாள்.

"பிச்சைமணி, எண்ணும்போது ஒண்ணு கூடிட்டுதோ?" என்று முன்சீப் கேட்டார். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ஐயா, பிச்சைமணி எண்ணிக்கை என்னைக்காவது தப்பியிருக்கா? நாப்பத்தொம்பதுதான்."

முன்சீப்பின் முகம் மாறியது. "அப்பம் ஒண்ணு களவு போயிருக்கு. ஒன் காவல்ல போயிருக்கு. ஆடி அமாவாசைக்கு மறுநாள் வரைக்கும் டயம் தாரேன். முடி வரணும். இல்லன்னா வில்லை வரணும்."

பிச்சைமணியின் சித்தப்பா மகன் சிவனணைந்தபெருமாளுக்கு அந்த வில்லையின் மேல் வெகுநாளாகக் கண். அன்று சாயங்காலமே அவர் தம் மார்பைக் கயிறு வைத்து அளந்து பார்த்ததாகக் கேள்வி.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் அப்பாவைப் பெற்ற முப்பிடாதியம்மாள் முறைப்படி எனக்கு ஆச்சி. ஆனால் இந்தக் கதையில் அவள் எங்கம்மாவுக்கு மாமியார், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, மாடு கன்றுக்கும் வைத்து, அதற்குப் பிறகு சட்டியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் மருமகளுக்கு. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். முப்பிடாதியம்மாள் வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் போவாள். ஆனி மாதம் எங்கம்மா வாய்க்கால் கரையில் குடத்தோடு மயங்கி விழுந்தாள். தாங்கிப் பிடித்த சங்கரம்மாள், "காலையில என்னட்டி சாப்பிட்ட?" என்று கேட்டிருக்கிறாள். "நீத்தண்ணி, சித்தி" என்று அம்மா சொன்னாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வெறும் பழையசோற்றுத் தண்ணீர் எப்படிப் போதும்? என் அப்பா சுந்தரபாண்டிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்கிற இடத்தில் அவர் நிற்கமாட்டார்.

புலிமீசையைப் பொசுக்கிய மறுநாள் மத்தியானம் முப்பிடாதியம்மாள் இலையை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். இலையைத் தள்ளி வைத்தாள்.

"ஏட்டி செண்பகம், மொதல்ல நீ தின்னு. நான் பாக்கணும்."

"நீங்க சாப்பிடாம நான் எப்படி அத்தை..."

"திங்கச் சொன்னா தின்னுட்டி!"

ஒரு வாய் தின்றால் போதாது. மீசைத்துண்டு குழம்பின் அடியில் கிடக்கலாம், பொரியலில் கிடக்கலாம். அதனால் எல்லாவற்றிலும் போட்டு, அடியில் கிண்டி எடுத்து, ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டுக் காட்ட வேண்டும். பிறகு அரை நாழிகை காத்திருந்து பார்ப்பார்கள். மெதுவாகக் கொல்லுகிற விஷம் அரை நாழிகையில் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. சமைத்தவளே தின்றுவிட்டால் அவள் கலக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஆக, எங்கம்மா கல்யாணம் ஆகி வந்த பிறகு முதல் தடவையாகச் சுடுசோறு சாப்பிட்டாள். வியர்த்துக் கொட்டியது என்று சொல்வாள்.

ஒரு வாரத்தில் தெரு முழுக்க இதுதான் நடந்தது. அடுப்பில் நின்றவளுக்கு முதல் இலை. பெண்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். ஆண்கள் வாசலில் உட்கார்ந்து அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கியவன் பாதியில் நிறுத்தித் தலையைச் சொறிந்துகொண்டான். குழம்பில் உப்பில்லாவிட்டாலும், "நல்லாத்தான் இருக்கு" என்ற குரல் கேட்டது. முப்பிடாதியம்மாள் ஒருநாள் ரோஷத்தோடு தானே சமைத்தாள். என் அப்பா இலையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "நீ மொதல்ல சாப்பிடும்மா" என்று சொன்னார். அதோடு அவள் கரண்டியை மருமகளிடமே கொடுத்துவிட்டாள்.

சாலையில் காபிக்கடை வைத்திருந்த மைதீன் நிலைமை இன்னும் மோசம். வருகிற ஆளெல்லாம் தம்ளரை அவர் பக்கமே நீட்டி, "ஒரு மடக்கு குடிச்சுட்டுக் குடும்வே" என்றார்கள். மத்தியானத்துக்குள் நாற்பது மடக்கு. கை நடுங்க, கண் சிவக்க அவர் பிச்சைமணியிடம் முறையிட்டார்.

"அண்ணாச்சி, அந்த முடியைச் சட்டுன்னு கண்டுபிடியும். ஒறக்கம் போயி எட்டு நாளாச்சு. விஷம் இல்லாமலே நான் மௌத்தாயிருவேன்."

பிச்சைமணி கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்? சாவடி மண்ணைச் சல்லடையில் சலித்தார். வண்டிச் சக்கரத்தின் அச்சாணி வரை பார்த்தார். தென்காசிக்கு நடந்துபோய் ஏசுதாசனின் கறுப்புத் துணியை உதறினார். குற்றாலத்துக்குப் போய் வக்கீலின் பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஏசுதாசன் கொடுத்த படத்தை ஊரே கூடிப் பார்த்தது. வெளிச்சம் போதாமல் புலியின் முகம் கறுப்பாக விழுந்திருந்தது. மீசை என்று படத்தில் தெரிந்தது வக்கீலுடையது மட்டும்தான்.

அவருக்குப் பெயரே 'நாப்பத்தெட்டு' என்று ஆகிவிட்டது. தெருவில் போனால் சின்னஞ்சிறிசுகள்கூட முதுகுக்குப் பின்னால் எண்ணின. அவர் ராத்திரி தூங்குவதில்லை, வில்லையைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார் என்று சங்கரம்மாள் சொன்னாள். அப்பா போட்டது தம் கையோடு போகப்போகிறதே என்ற வேதனை அவரை அரித்தது.

இவ்வளவிலும் ஒரு விஷயத்தில் அவர் தலை நிமிர்ந்துதான் நின்றார். காபிக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஊருல எல்லாப் பயலும் பொண்டாட்டிக்குப் பயந்து சாவுதானுவ. எனக்கு என் வீட்டுக்காரி மேல ஒரு சந்தேகமும் கெடையாது. அவ போடுதா, நான் மொதல் ஆளா உக்காந்து சாப்பிடுதேன்." உண்மைதான். அப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். தெருவிலேயே அந்த ஒரு வீட்டில்தான் புருஷன் முதலில் சாப்பிட்டான். அதனால் தெருவிலேயே சங்கரம்மாள் ஒருத்திதான் இன்னும் கடைசியில் சாப்பிட்டாள்.

ஆடி அமாவாசை வந்தது. தலைப்பாகை துவைக்கிற நாள். மறுநாள் வில்லையைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய மனிதர், "துவைச்சு என்ன ஆகப்போவுது" என்று அதைக் கழற்றிக் கொடுத்தார். பெண்கள் கூட்டமாகக் குளித்துக்கொண்டிருந்த வாய்க்காலில் சங்கரம்மாள் அதை நனைத்து, சவுக்காரம் போட்டுக் கசக்கினாள். விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. முள்ளாக்கும் என்று மடிப்பைப் பிரித்து இழுத்தாள். நாலு விரல் நீளத்தில், விளக்குமாற்றுக் குச்சி கனத்தில், வெள்ளையாக ஒரு முடி வந்தது.

ஈ ஓட்டிய தலைப்பாகையில் சிக்கி, ஊரெல்லாம் தேடியவர் தலையிலேயே அது மூன்று வாரம் இருந்திருக்கிறது. சங்கரம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதை முந்தானையில் முடிந்தாள்.

வரும் வழியில் எங்கள் வீட்டில் சத்தம் கேட்டது. அமாவாசை என்பதால் அன்று முதல் சாதம் காக்காய்க்கு, இரண்டாவது எங்கம்மாவுக்கு. "வாழைக்காயை மிச்சம் வைக்காதட்டி, அதையும் தின்னு. பாயசத்தையும் கலக்கிக் குடி, அடியில என்ன கெடக்கோ!" என்று முப்பிடாதியம்மாள் அதட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே சங்கரம்மாள் எட்டிப் பார்த்தாள். எங்கம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டிப்போயிருந்த கன்னத்தில் சதை வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, சங்கரம்மாள் முந்தானையை அவிழ்த்தாள். "இங்கன பாருங்க."

பிச்சைமணி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்கனட்டி இருந்துச்சு?"

"ஒங்க தலையில."

அவர் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்தார். "நாப்பத்தொம்பதுன்னு சொன்னேம்லா! என் எண்ணிக்கை தப்புமா? அந்த வில்லையை எடு. இப்பவே முன்சீப் ஐயாகிட்டக் கொண்டு காட்டிட்டு வாரேன்."

"போங்க" என்றாள் சங்கரம்மாள். "கொண்டு காட்டுங்க. நாளையில இருந்து செண்பகம் பழையபடி நீத்தண்ணி குடிக்கட்டும்."

"அதுக்கு நான் என்னட்டி செய்ய முடியும்?"

"அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். பிச்சைமணி கத்தினார். அடுத்த வீட்டு மருமகளுக்காகத் தம் அப்பா போட்ட வில்லையைச் சிவனணைந்தபெருமாள் மார்பில் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். சங்கரம்மாள் அரிசியில் கல் பொறுக்கினாள். முடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார், வந்தார். மூன்றாவது தடவையும் வாசலில் போய் நின்றார். எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அந்தத் தடவை அவர் படி இறங்கியிருந்தால் நான் பிழைத்திருப்பேனோ என்னவோ, எனக்குத் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருக்கும்.

திரும்பி வந்தார். அடுப்பின் முன்னால் குந்தி, முடியை நெருப்பில் வைத்தார். சுருண்டு கருகிப் போயிற்று. "புகை கண்ணுல பட்டுட்டு" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த ஒரு முடிக்கு அவ்வளவு புகை வராது என்று சங்கரம்மாளுக்குத் தெரியும்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பிச்சைமணி முன்சீப் வீட்டு வாசலில் போய் நின்றார். முன்சீப் பசியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி பாலம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்சீப் வீடு என்பதற்காகப் புலிமீசை விலகி நிற்குமா?

"என்னலே, முடி கெடச்சுதா?"

"இல்லய்யா."

"சரி, எண்ணும்போது தப்பிட்டுதுன்னு சொல்லிரு. நானும் அப்படியே முடிச்சிருதேன். ஒனக்கும் வேலை நிக்கும், ஊருக்கும் நிம்மதி." சொல்லிவிட்டு முன்சீப் உள்ளே ஏக்கத்தோடு பார்த்தார்.

இது பிச்சைமணி எதிர்பார்க்காதது. ஒரு வார்த்தை போதும், வில்லை அவருடையது. ஆனால் அந்த வார்த்தை வெளியே வந்த நிமிஷமே தெருவில் எல்லா இலையும் பழையபடி திரும்பிவிடும். அவர் சொன்னார்: "நாப்பத்தொம்பதுதான்யா. எண்ணிக்கை தப்பலை."

"அப்பம் கழட்டி வை."

தோல்வாரைத் தலைக்கு மேல் தூக்கிக் கழற்றினார். வில்லையை ஒரு தடவை வேட்டியில் துடைத்து, முன்சீப்பின் காலடியில் வைத்தார்.

அப்போது உள்ளேயிருந்து பாலம்மாளின் குரல் வந்தது. "இவரை அனுப்பிட்டா இனிமே அந்த முடியை யாரு தேடுவா? சிவனணைஞ்சபெருமாளுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியுமா? தொட்டு எண்ணுனவரு இவருதான். கெடைக்கற வரைக்கும் இவரே இருந்து தேடட்டும்." கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் சாப்பிட்டாச்சு. ஒங்களுக்கு எடுத்து வைக்கட்டா?"

முப்பது வருஷமாகப் பாலம்மாள் முன்சீப்பிடம் கேட்டு வந்த கேள்விதான் அது. அன்றைக்குத்தான் அதற்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே பார்த்தார். வில்லையைப் பார்த்தார். குனிந்து அதைத் தாமே எடுத்துப் பிச்சைமணியின் கையில் கொடுத்தார்.

"கெடைக்கற வரைக்கும் நீதான் தலையாரி. போ, போய்த் தேடு."

பாலம்மாளுக்கு விஷயம் தெரியுமா என்று நான் சங்கரம்மாளைக் கேட்டேன். தான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் அமாவாசையன்று வாய்க்காலில், தனக்கு அடுத்த கல்லில் பாலம்மாள்தான் குளித்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னாள்.

சாம்பலாகிப் போன முடி கிடைக்குமா? பிச்சைமணி அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் தலையாரியாக இருந்தார். தூரத்தில் முன்சீப்பின் இருமல் கேட்டால் உடனே குனிந்து தரையில் எதையோ தேடத் தொடங்குவார். நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இன்றும் எங்கள் தெருவில் சமைத்தவளுக்குத்தான் முதல் இலை. வாழ்க்கைப்பட்டு வருகிற வெளியூர்ப் பெண்கள் காரணம் கேட்டால், அன்னலட்சுமி, சாஸ்திரம் என்று பெரியவர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

அன்று மத்தியானம் பிச்சைமணி வில்லையோடு வீட்டுக்கு வந்தார். நடந்ததை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல மணையில் உட்கார்ந்தார். சங்கரம்மாள் வழக்கம்போல இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பை ஊற்றினாள். அவர் கையை வைக்கப் போனார். அடுத்த வீட்டில், "இன்னும் ரெண்டு வாய் தின்னுட்டி" என்று முப்பிடாதியம்மாளின் சத்தம் கேட்டது. அவர் கை நின்றுவிட்டது. இலையைப் பார்த்தார். அடுப்படியில் ஒதுங்கி நின்ற மனைவியைப் பார்த்தார். எழுந்து, மணையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"நீ மொதல்ல சாப்பிடு."

சங்கரம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்ன, என் மேலயும் சந்தேகமா? அந்த முடியை நீங்கதான கையால எரிச்சிய?"

"சந்தேகப்பட்டாத்தான் மொதல்ல போடணுமாக்கும்? உக்காருட்டி."

அவள் உட்கார்ந்தாள். சோற்றில் ஆவி பறந்தது. பிச்சைமணி பக்கத்தில் குந்தி, துவைத்த தலைப்பாகையை அவிழ்த்து, அவள் இலைக்கு ஈ ஓட்டினார்.